ஜன்னல் கட்டைக்கு மேலே ஒரு விரல்

வலைக்காரர் தெரு பதினோராம் எண் வீட்டில் காலை வெயில் முழுக்கத் தெருப்பக்கச் சுவரில்தான் விழும். மே மாதத்தில் அந்தச் செங்கல்லில் முதுகைச் சாய்த்தால் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தெருவில் மற்ற வீடுகளில் அந்தச் சுவரை ஒட்டித்தான் மரப்பெஞ்சு கிடக்கும். மெலானியா மட்டும் தன் பெஞ்சைக் கொல்லையில், செர்ரி மர நிழலில் போட்டிருந்தாள். நாற்பத்தொரு வருஷமாக அது அங்கேதான். யாராவது கேட்டால் தெருப்புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அந்தத் தெருவில் அப்படியொன்றும் புழுதி கிடையாது.

சுவரில் ஒரு கோடு இருந்தது. இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே, ஜன்னல் கட்டைக்குச் சரியாக ஒரு விரல் மேலே, செங்கல்லில் உளியால் வெட்டிய கோடு. அதன் மேல் ஒரு சிறிய அலை. அலைக்கு மேல் 1970 என்ற எண். செர்னிஹிவ் நகரத்துக்கு வருகிறவர்கள் கோட்டை மேட்டில் பன்னிரண்டு பீரங்கிகளையும் பார்த்துவிட்டு, ஆயிரம் வருஷத்துக் கோயிலுக்குள் போய்க் கழுத்து வலிக்க அண்ணாந்துவிட்டு, படகுத்துறைக்கு இறங்கும் வழியில் இந்தச் சுவருக்கு முன்னால் நிற்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி நின்று, கோடு தலைக்கு மேலே போகிறதா என்று பார்ப்பார்கள். வழிகாட்டிப் பெண் சொல்வாள்: அந்த ஏப்ரலில் தெஸ்னா நதி இதுவரைக்கும் வந்தது.

வரவில்லை. அதற்கு ஐந்து செங்கல் வரிசை கீழேயே நின்றுவிட்டது. அது மெலானியாவுக்குத் தெரியும். அவள் புருஷன் கிந்திராத்துக்குத் தெரிந்திருந்தது. அவன் செத்து எட்டு வருஷமாகிறது. ஆகவே இப்போது அவளுக்கு மட்டும் தெரியும்.

நதிக்கு அக்கரையில், வெள்ளம் வந்தால் ஆறு வாரம் தீவாகிவிடும் ஒரு கிராமத்தில் பிறந்தவள் அவள். பதினெட்டு வயதில் ஒரு மரப்பெட்டியும் தகப்பனின் கம்பளிக் கோட்டுமாக நகரத்துக்கு வந்து, படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். கீவ் நகரத்துக்குப் போகும் விரைவுப் படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். அதற்கு ஜன்னலோரச் சீட்டு வேண்டும் என்று எல்லோரும் அவள் கண்ணாடிச் சன்னலைத் தட்டுவார்கள். படகில் எல்லாச் சீட்டும் ஜன்னலோரம்தான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிடும். அப்படித் தட்டியவர்களில் ஒருத்தன்தான் கிந்திராத். அவன் எங்கும் போகவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து சீட்டு வாங்கினான். மூன்று முறையும் படகு அவனை விட்டுவிட்டுப் போயிற்று.

கொத்தனார் அவன். சாதாரணக் கொத்தனார் இல்லை, பழைய கோயில்களை மராமத்துப் பார்க்கும் குழுவில் இருந்தான். போரில் இடிந்த சுவர்களில் புதுச் செங்கல்லை வைத்து, அது எட்டு நூற்றாண்டாக அங்கேயே இருந்தது போலத் தோன்ற வைப்பது அவர்கள் வேலை. சுண்ணாம்பில் செங்கல்தூள் எவ்வளவு, அடுப்புக்கரி எவ்வளவு, ஆற்றுவண்டல் எவ்வளவு என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனியில் இருந்தது. அந்த விரல்தான் வினையாயிற்று.

எழுபதாம் வருஷ வெள்ளத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கைக்குழந்தையையும் ஆட்டையும் தூக்கிக்கொண்டு கோட்டை மேட்டுக்கு ஏறினார்கள். ஒன்பது நாள் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் கூடாரத்தில் இருந்தார்கள். இறங்கி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. தரைப்பலகை எல்லாம் வளைந்து எழும்பி நின்றது. குளிர்காயும் கணப்பு அடுப்பு இடிந்து கிடந்தது. அப்புறம் சேதி வந்தது: சேதம் பார்க்கக் குழு வரப்போகிறது. தண்ணீர்க்கறை ஜன்னல் கட்டையைத் தாண்டியிருந்தால் முதல் பட்டியல், அதாவது புதுத் தரைப்பலகை, கூரைக்கு ஓடு, கணப்புக்குச் செங்கல். தாண்டாவிட்டால் இரண்டாம் பட்டியல், ஒரு வண்டிச் சுண்ணாம்பு.

கிந்திராத் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கிற பிரஷ்ஷுமாக வெளியே போனான். மெலானியா காவல் நின்றாள். உண்மையான கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஐந்து வரிசை மேலே, வண்டலும் கரியும் தேநீர்ச் சக்கையும் குழைத்து இன்னொரு கறையைப் போட்டான். காய்ந்ததும் பார்த்தால், நான் இவ்வளவு ஏறவில்லை என்று நதியே வந்து சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள், அவ்வளவு அசல்.

குழுத் தலைவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்ட, தூக்கம் கெட்ட மனிதர். கறையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். எழுதிக்கொண்டார். பிறகு தெரு நடுவில் போய் நின்று, மேலேயும் கீழேயும் பார்த்தார். ஒரு சிகரெட் முழுவதும் புகைத்து முடிகிறவரை பார்த்தார். கடைசியில் கிந்திராத் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"உங்க ஆறு ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆறுப்பா. ஒவ்வொரு வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்துச்சு, உள்ள மட்டும் எட்டிப் பாக்கல."

சிரிக்காமல் சொன்னார். கண்டுபிடித்துவிட்டார், நாளைக்கு வண்டி வரும், புருஷனைக் கூட்டிப்போவார்கள் என்று மெலானியா காத்திருந்தாள். வண்டி வந்தது. பலகையும் ஓடும் செங்கல்லும் இறக்கிவிட்டுப் போயிற்று.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தெருவில் ஒரு வழக்கம் பிறந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் எல்லோரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள் இல்லையா, அப்போது வெள்ளக்கோட்டை நீல நிறத்தில் புதுப்பிப்பதும் சேர்ந்துகொண்டது. முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளம் வந்து பத்தாம் வருஷம் தெருக்கமிட்டி வந்து, கிந்திராத்தின் வீடு செங்கல் வீடு, கையில் உளியும் இருக்கிறது, நிரந்தரமாக வெட்டிவிடு, நகரத்துக்கே ஒரு நினைவாக இருக்கும் என்றது. மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் சொல்வான்? வெட்டினான். அலையைக்கூட வெட்டினான். நல்ல வேலைக்காரன்; கெட்டதாக ஒன்றைச் செய்ய அவனுக்கு வராது. அன்றைக்குச் சாயங்காலம் பெஞ்சைத் தூக்கிக் கொல்லையில் போட்டவன் அவன்தான்.

மெலானியாவுக்கு வேறொரு பழக்கம் வந்தது. தெருவில் நடக்கும்போது மற்ற வீட்டுச் சுவர்களைப் பார்க்கமாட்டாள். ஏழாம் எண், ஒன்பதாம் எண், பதின்மூன்றாம் எண் எல்லா வீட்டிலும் நீலக்கோடு இருக்கிறது என்று தெரியும். அதெல்லாம் உண்மைக்கோடு. தன்னுடையது மட்டும் பொய். பார்த்தால் ஒப்பிடவேண்டி வரும். தான் ஒப்பிட்டால் பக்கத்தில் நடக்கிறவரும் ஒப்பிடுவார். எனவே குனிந்தே நடந்தாள். தலைகுனிந்து நடக்கிற அடக்கமான பெண் என்று தெருவில் நல்ல பெயர் வாங்கினாள்.

விரைவுப் படகுகள் நின்றுபோயின. படகுத்துறையில் சீட்டுச் சன்னலை மூடினார்கள். அப்புறம் அந்தோனியார் குகைகளின் வாசலில் சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. இருந்த வேலை அதேதான், போகிற இடம்தான் தண்ணீரிலிருந்து பூமிக்கடிக்கு மாறிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாள். மகன் ஒதேசாவில் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். இருமிய அதே குழந்தைதான், இப்போது நூறு கிலோ இருப்பான். கிந்திராத் ஒரு பிப்ரவரியில், பனியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் அவள் வாழ்க்கை. அதன் நடுவில் அந்தக் கோடு.

இந்த வருஷம் மார்ச்சில், தெருமுனை அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். வெள்ளப் பகுதி வரைபடம், முதல் வரைவு. எழுபதில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் நீலம். நீலத்துக்குள் இனிப் புதுக்கட்டிடம் கட்டக்கூடாது. எந்த அளவை வைத்து வரைந்தார்கள் என்பதும் ஓரத்தில் அச்சாகியிருந்தது: வலைக்காரர் தெரு 11, நினைவுக்கோடு.

மெலானியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தாள். எழுத்து மாறவில்லை.

ஐந்தாம் எண் மனையும் நீலத்துக்குள் இருந்தது. அங்கே யாரீனா, தெமியான் என்று ஒரு சின்ன ஜோடி. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டுகிறார்கள். இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. அதுவரைக்கும் கொல்லையில் உள்ள கோடைச் சமையலறையில் குடியிருந்தார்கள். ஓர் அடுப்பும் ஒரு கட்டிலும் கொள்கிற இடம். யாரீனாவுக்கு அக்டோபரில் பிரசவம். வரைபடம் வந்த மறுநாளிலிருந்து தெமியான் சிமெண்டுக் கலவை இயந்திரத்தின் மேல் தார்ப்பாயை மூடிவிட்டான்.

யாரீனா அழவில்லை. அழுதிருந்தால் மெலானியாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல இரண்டு நாளைக்கொரு தடவை வந்து, பால் வாங்கிவந்து கொடுத்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒரு நாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அத்தை, அந்த வருஷம் இன்னும் கொஞ்சம் சோம்பேறித் தண்ணியா இருந்திருக்கக் கூடாதா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். மெலானியா உள்ளே போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் கணப்புக்கு முன்னால் நின்றாள். எழுபதில் கிடைத்த செங்கல்லால் கட்டிய கணப்பு.

ஏப்ரல் முழுவதும் அவள் தனக்குள் வழக்காடினாள். சொன்னால் என்ன ஆகும்? கிந்திராத்தின் பெயர் போகும். கோயிலுக்கு வெள்ளையடிப்பவர்கள்கூட இன்னும் அவன் வைத்த செங்கல்லைக் காட்டி, இது புதுசு என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று பந்தயம் கட்டுகிறார்கள். அவனைத் தெருவே, ஊரை ஏமாற்றியவன் என்று சொல்லும். அக்கம்பக்கத்தில் எல்லோருடைய கோடும் நிஜம்; நம்முடையது மட்டும் திருட்டு. சொல்லாவிட்டால்? ஐந்து செங்கல் வரிசைக்காக ஒரு குழந்தை கோடைச் சமையலறையில் குளிர்காலத்தைக் கழிக்கும். அப்போது ஒரு குழந்தை இருமியதற்காகத்தானே செய்தோம். அதே காரணத்துக்காக ஏன் திருப்பிச் செய்யக்கூடாது? இப்படி நினைக்கும்போது ஒரு தெளிவு வரும். சாயங்காலம் தெருவில் யாராவது, என்ன மெலானியா, சௌக்கியமா என்று கேட்டதும் அது போய்விடும்.

மே மாதம் இரண்டாவது வாரம் அளவெடுக்க ஆள் வந்தான். ஹோர்தி என்று பெயர். வெயிலில் மூக்கு உரிந்த இளைஞன். வரைவு மேசையில் போட்டதுதான், கடைசி வரைபடத்துக்கு முன் நேரில் சரிபார்க்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தான். ஒரு வாரம் மேலும் கீழுமாக அலைந்தான். முக்காலியின் மேல் மட்டம் பார்க்கும் லெவல் கருவியை வைத்து ஒரு கண்ணால் பார்ப்பான், எழுதுவான், முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். பதினோராம் எண்ணுக்குக் கடைசியாக வந்தான். காலை ஒன்பது மணி. சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

காய்ந்த பேரிக்காயும் ஆப்பிளும் வேகவைத்த பானகத்தை மெலானியா ஒரு குவளையில் கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். குடித்துவிட்டு அவன் அளவுக்கோலை எடுத்துக் கோட்டின் மேல் வைக்கப்போனபோது சொல்லிவிட்டாள்.

"அதை அளக்காத தம்பி. அது பொய்."

அவன் கோலை இறக்கவில்லை. அப்படியே திரும்பிப் பார்த்தான்.

"தண்ணி அஞ்சு வரிசை கீழதான் நின்னுச்சு. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் மாத்துனோம். அவரு வரைஞ்சாரு, நான் தெருவைப் பாத்துக்கிட்டு நின்னேன். தரைப்பலகைக்காக. அவரு இப்ப இல்ல, அதனால என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க. ஆனா அந்த அஞ்சாம் நம்பர்ப் புள்ளைங்க வீட்டை விட்டுருங்க."

மனப்பாடம் செய்து வைத்தது இதைவிட நீளம். பாதி மறந்துபோயிற்று. குவளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அதைப் பிடித்தபடி நின்றாள்.

ஹோர்தி கோலைச் சுவரில் சாய்த்துவைத்தான். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான், கோபத்தை அடக்குகிறான் என்று அவள் நினைத்தாள். தகப்பன் பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டான்.

"மெலானியா இக்னாதிவ்னா, ஒண்ணு கேக்கறேன். ஏழாம் நம்பர் வீட்டுக் கோடு எங்க இருக்குன்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றாள்.

"ஜன்னல் கட்டைக்கு மேல ஒரு விரல். ஒன்பதாம் நம்பர்?"

அவள் குவளையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஒரு விரல். பதின்மூணாம் நம்பர், ஒரு விரல். உங்களுது, ஒரு விரல். ஏழாம் நம்பர்லேர்ந்து பதின்மூணாம் நம்பருக்குத் தெரு இடுப்பு உயரம் எறங்குது அம்மா. அப்ப தண்ணி என்ன, படிக்கட்டு ஏறுற மாதிரி ஏறி ஏறிப் போச்சா?"

அப்போதுதான் அவன் உதட்டைத் தளர்த்தினான். சிரிப்பு கொட்டிவிட்டது.

மெலானியா திரும்பித் தெருவைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். தெரு நடுவில் வளைவதால் எல்லா வீடும் ஒரே பார்வையில் படாது. வளைவு வரை நடந்துபோனாள். கையில் குவளை இன்னும் இருந்தது. ஒன்பதாம் எண்ணில் நீலக்கோடு. அதற்கு மேட்டில் ஏழாம் எண்ணில், ஒரு முழம் உயரத்தில் இன்னொரு நீலக்கோடு. ஒவ்வொரு கோடும் அதனதன் ஜன்னல் கட்டைக்கு ஒரு விரல் மேலே பணிவாக நின்றது. இந்த ஈஸ்டருக்குப் புதிதாகத் தீட்டிய நீலம், பளபளவென்று.

தண்ணீர் சரிவில் நிற்காது. மட்டமாகத்தான் நிற்கும். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்து ஆற்றில் சீட்டு விற்றுப் பிழைத்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பார்க்கத்தான் இல்லை. ஏழாம் எண் பிலகேயாவும் அப்படித்தானே குனிந்து நடப்பாள். ஒன்பதாம் எண்காரர் எதற்கு எப்போதும் தெருவின் எதிர்ப்பக்கமாகவே போய்வருவார் என்று அவளுக்கு இதுவரை புரிந்ததில்லை. நாலு வீட்டிலும் நாலு வாளி, நாலு பிரஷ், நாலு விடியற்காலை. ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டு, வருஷா வருஷம் வெள்ளையடித்து, கோட்டுக்கு நீலம் தீட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பூட்ஸ்காரரின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. இங்கேதான், இந்த வளைவில்தான் நின்று புகைத்தார். மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார். எல்லாக் கோட்டையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பலகை எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது மிரட்டல் என்று ஐம்பது வருஷம் பயந்தாள். அது மன்னிப்பு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிந்திராத் பெஞ்சைத் தூக்கியிருக்கமாட்டான்.

ஒன்பதாம் எண் வீட்டுப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹோர்தி பின்னாலேயே வந்து, பயந்துபோய், மாத்திரை ஏதும் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவள் சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது.

அவன் விவரம் சொன்னான். மூன்றாவது நாளே தெருவிலிருந்து பார்த்து இந்த நாலு கோட்டையும் தள்ளிவிட்டானாம், இன்றைக்கு இங்கே கோல் வைக்க வந்தது வெறும் சம்பிரதாயமாம். ஆற்றில் அந்தக் காலத்தில் தினம் எட்டு மணிக்குத் தண்ணீர்மட்டம் எழுதிய பதிவேடு இருக்கிறது. ஆனால் அந்த ஏப்ரலில் மூன்று நாள் பக்கம் நனைந்து மை கரைந்துவிட்டது. உச்சம் அந்த மூன்று நாளில்தான் வந்திருக்கவேண்டும். ஆகவே தெருவில் ஏதாவது ஓர் உண்மையான அடையாளம் கிடைத்தால்தான் வரைபடத்தைத் திருத்தக் கையெழுத்துப் போடுவார்கள். கடைசி வீட்டு ஓவெர்கோ ஒரு கதை சொன்னார். கதைக்கு லெவல் பிடிக்க முடியாதே.

"அஞ்சு வரிசைன்னு சொன்னீங்க. அதுக்கு ஏதாவது தடயம் இருக்கா? நீங்களே கழுவிட்டீங்களே."

மெலானியா எழுந்தாள்.

வீட்டோடு ஒட்டிய விறகுக்கொட்டகையின் உட்சுவரில் ஓர் ஆணி இருந்தது. அந்த விடியற்காலையில் கறையைக் கழுவப் போவதற்கு முன், கிந்திராத் முதலில் கொட்டகைக்குள் போய் இரண்டு செங்கல்லுக்கு நடுவே அதை அடித்தான். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, ஒரு இடத்திலாவது சரியா இருக்கட்டும் என்று மட்டும் சொன்னான். அந்த ஆணியில் அவன் எதையும் மாட்டியதில்லை, மாட்டவும் விட்டதில்லை. ஒருமுறை அவள் பூண்டுச் சரத்தை மாட்டினாள். மத்தியானம் பார்த்தால் சரம் தரையில், ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது.

விறகை இரண்டு பேருமாக நகர்த்தினார்கள். ஆணி துருப்பிடித்து இருந்தது, ஆனால் ஆடவில்லை. ஆணிக்கு நேராகச் சுவரில், யாரும் தேய்க்காத வண்டல் கறை மங்கலாக, மட்டமாக ஓடியது. ஹோர்தி தொப்பியைக் கழற்றினான். கும்பிடுவதற்காக இல்லை, கருவியில் கண்ணை வைக்கத் தொப்பி தடையாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

அளந்தான். வெளியே போனான். கதைக்கு லெவல் பிடிக்க முடியாது என்றவன், இப்போது கடைசி வீட்டுக்கே போய் ஓவெர்கோவைக் கூப்பிட்டான்.

ஓவெர்கோ, மெலானியாவின் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் அவளைக் கூமா என்பார், அவள் அவரைக் கூமே என்பாள். ஊரில் அது கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. தெருவில் ஆற்றுக்குப் பக்கத்து வீடு அவருடையது. அந்த வெள்ளத்தில் ஜன்னல் வழியாகவே படகை உள்ளே விட்டாராம், படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு. நெற்றிக்கும் ஜன்னல் மேல்சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஹோர்தி கேட்க, அவர் கையை வைத்துக் காட்டினார். அவன் கணக்குப் போட்டான். ஆணியும் நெற்றியும் இரண்டு விரல் வித்தியாசத்தில் ஒத்துப்போயின. நெற்றி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று எழுதிக்கொண்டான்.

"கூமே, அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் மெலானியா.

"எது?"

"எங்க கோடெல்லாம் பொய்னு."

ஓவெர்கோ பல் இல்லாத பக்கமாக வாயைத் திருப்பிச் சிரித்தார்.

"என் வீட்டுத் தண்ணிக்கு மேலேர்ந்து பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரரு வெட்டுன அந்த அலை இருக்கே, அதைப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் கூமா. ஆனா ஒண்ணு. தெரு முழுக்க ஜன்னலைத் தாண்டி நிஜத் தண்ணி வந்தது எங்க வீட்டுக்குத்தான். அதை அந்த வரைபடத்துல எழுதச் சொல்லு."

"அம்பது வருஷமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"யாரு கேட்டா? நீதான் தலைய நிமிர்த்தவே மாட்டியே."

அன்று மத்தியானமே ஹோர்தி ஐந்தாம் எண்ணுக்குப் போய்ச் சொன்னான்: நீலம் ஏழாம் எண் வாசற்படியோடு நின்றுவிடும், உங்கள் மனை வெளியே. இன்னும் கையெழுத்து ஆகவேண்டும், மூன்று வாரம் பிடிக்கும். பதினோராம் எண் நீலத்துக்குள்தான். அதை அவன் கொஞ்சம் தயங்கிச் சொன்னான். இருக்கட்டும், தண்ணீர் நிஜமாகவே வந்த வீடுதானே என்றாள் மெலானியா. அவளுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. பொய்யைக் கழித்த பிறகும் மிச்சமிருந்த நிஜம் தன்னுடையது என்பதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அப்படி வரலாமா என்று யோசித்தாள். வந்தது வந்துவிட்டது.

தெருவுக்குள் விஷயம் பரவ ஒரு நாள் போதும். பிலகேயா சாயங்காலம் ஒரு தட்டு நிறையப் பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டையோடு வந்து, வாசலில் நின்றுகொண்டு தட்டை நீட்டினாள். மெலானியா வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எதுல கொழைச்சீங்க?" என்று கேட்டாள் பிலகேயா.

"தேத்தண்ணிச் சக்க."

"நாங்க பீட்ரூட். மழையில ஒரு தடவ சிவப்பா ஓடுச்சு. செத்தோம்னு நெனச்சேன்."

பதின்மூன்றாம் எண்காரர்களுக்கு மட்டும் வருத்தம். அவர்கள் வீட்டில் தண்ணீர் ஜன்னல் கட்டைக்கு வெறும் இரண்டு விரல் குறைவு. இவ்வளவு சின்னப் பொய்க்கா ஐம்பது வருஷம் பயந்தோம் என்று பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் புது வரைபடம் வந்தது. ஓரத்தில், 'வலைக்காரர் தெரு 11, விறகுக்கொட்டகை, ஆணி' என்று அச்சாகியிருந்தது. தெமியான் தார்ப்பாயை விலக்கினான். கலவை இயந்திரம் காலையிலிருந்து உருண்டுகொண்டிருந்த சத்தம் தெருவெல்லாம் கேட்டது. மெலானியா கிந்திராத்தின் கொத்துக்கரண்டியையும் தூக்குக்குண்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பும்போது, கொல்லையிலிருந்து ஒரு சாமானை நகர்த்தவேண்டும், ஒரு நிமிஷம் வா என்று அவனைக் கூட்டிவந்தாள்.

பெஞ்சு பழைய ஓக் மரம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்கியது. தெருப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். தெமியான் வேலைக்கு ஓடிவிட்டான். யாரீனா வயிற்றைத் தாங்கியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோட்டை மேட்டிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பெண் சுவருக்கு முன்னால் வந்து நின்று, பெஞ்சைப் பார்த்து, மெலானியாவைப் பார்த்து, என்ன சொல்வதென்று தெரியாமல் திணறினாள். அவளுக்கும் சேதி எட்டியிருந்தது.

"சொல்லும்மா," என்றாள் மெலானியா. "தண்ணி இதுக்கு அஞ்சு வரிசை கீழ வந்துச்சுன்னு சொல்லு. மேல இருக்கறது எங்க வீட்டுக்காரரு செஞ்ச வேலைன்னு சொல்லு. ஆணிய பாக்கணும்னு கேட்டா, கொட்டகை தெறந்துதான் இருக்கு."

பிள்ளைகள் கொட்டகைக்கு ஓடினார்கள். மெலானியா முதுகைச் சாய்த்தாள். செங்கல் நன்றாகச் சூடேறியிருந்தது. தலைக்குப் பின்னால், கூந்தலில் இடறுகிற மாதிரி, அந்த அலை இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் அதைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருக்கிறான்.

"வெயில் போதுமா அத்தை, உள்ள போலாமா?" என்று யாரீனா கேட்டாள்.

"இப்பதான வந்திருக்கேன்," என்றாள் மெலானியா.